கயலின் படிப்பு பற்றி

அன்புள்ள மணிக்கு,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். பெர்லினில் நாங்கள் எல்லோரும் சௌக்கியம்.

கயல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் இதழியல் படிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். ஐரோப்பாவில் நாடுவிட்டு நாடு துப்புத் துலக்கும் பத்திரிகை வேலை சோறு போடுமா என்றும் கேட்டிருந்தாய். வேலை நிறையக் கிடக்கிறது. சம்பளம் யார் தருவது என்பதில்தான் இழுபறி.

ஸ்லோவாக்கிய நிருபர் யான் குட்சியாக் நினைவிருக்கிறதா? 27 வயது. 2018 பிப்ரவரியில் அவரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விவசாய மானியம் வாங்கிவந்த சில இத்தாலியர்களின் மாஃபியா தொடர்பை அவர் துருவிக்கொண்டிருந்தார். கிழக்கு ஸ்லோவாக்கிய நிலங்களைப் பற்றிய செய்திக்கு இத்தாலியிலும் தோண்டவேண்டியிருந்தது. அதற்கு அங்கே அவருக்குக் கூட்டாளி நிருபர்கள் இருந்தார்கள். அதனால்தான் உடல்கள் கிடைத்த சில நாளிலேயே, பாதியில் நின்ற அந்தக் கட்டுரை பல நாடுகளில் வெளிவந்தது. (கொலை விசாரணை பிறகு வேறு பக்கம் போனது, அது தனிக் கதை.) அடுத்த மாதமே பிரதமர் ராபர்ட் ஃபிட்ஸோ பதவி விலகினார். 2023-இல் அதே மனிதர் திரும்பவும் பிரதமர்!

ஐரோப்பா முழுமைக்கும் ஒரே பத்திரிகை என்று 1990-இல் ராபர்ட் மேக்ஸ்வெல் ‘தி யூரோப்பியன்’ தொடங்கினார். 1998-இல் மூடியாயிற்று. ஆவணங்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு, அவரவர் ஊர் வாசகனுக்கு அவரவர் எழுதுவதுதான் எடுபடுகிறது.

ஆனால் காசு? 2025-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், இந்த வேலையில் முன்னோடியான, பல நாட்டு நிருபர்கள் சேர்ந்து ஊழலைத் துப்புத் துலக்கும் ஓசிசிஆர்பி (OCCRP) அமைப்பு ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஊழலைத் தோண்ட அமெரிக்க வரிப்பணத்தை நம்பியிருந்தது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

அடுத்து, வக்கீல் நோட்டீஸ். மால்டாவில் 2017-இல் காரில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியா மீது அப்போது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. நிருபர்களின் வாயடைக்கப் போடும் இத்தகைய வழக்குகளுக்கு எதிராக, அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றியது. எல்லை தாண்டிய சிவில் வழக்குகளுக்குத்தான் அது பொருந்தும். உள்ளூர்ப் பணக்காரன் உள்ளூர் நிருபர்மேல் போடும் வழக்குக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான் கதி. பெரும்பாலான வழக்குகள் அப்படிப்பட்டவைதானே?

கயலைத் தடுக்காதே. கிளம்புவதற்குள் கம்பெனிப் பதிவேடும் பேலன்ஸ் ஷீட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். உன் ஆடிட்டர் மச்சான் சும்மாதானே இருக்கிறார்? லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வரச்சொல். அவளிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சேகர்