வட்டிக்கும் வட்டி ஏறுகிறது

ஆசிரியருக்கு,

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கடை, அலுவலக வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர் கையில் இப்போது கடனட்டை இருக்கிறது. பில்லில் உள்ள ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மாதம் 2 வீதம். ஒரு இலட்சம் கடனில் 5,000 ரூபாய் கட்டினால் 2,000 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 3,000 மட்டுமே. ஒன்றுமே கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி, தாமதக் கட்டணத்தைச் சேர்க்காமலே சுமார் 35 மாதத்தில் இரண்டு இலட்சம் ஆகிவிடும். அப்புறம், ஏடிஎம்மில் அந்த அட்டையால் காசு எடுத்தால் பெரும்பாலும் அன்றிலிருந்தே வட்டி. வங்கிகள் இந்தக் கணக்கைப் பில்லிலேயே தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும்.

வாசகர், ஹட்டன்