லாரி அண்ணனுக்கு நன்றி

போன சனிக்கிழமை சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் எங்களுக்கு உதவிய அண்ணே, ரொம்ப நன்றி. கோணல் கேரட், வெளி இலை வாடிய முட்டைக்கோஸ், கொஞ்சம் கனிந்த தக்காளி என்று கடைக்காரர்கள் ஒதுக்கியதையெல்லாம் கேட்டு வாங்கி அடுக்கிவிட்டோம். பேசிவைத்த வேன் வரவில்லை. நல்லெண்ணத்தில் உணவு கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு தரும் சட்டமே 2024இல் இங்கே நிறைவேறிவிட்டது, சரி, சுமக்க வண்டி வேண்டுமே!

நீங்கள்தான் முட்டைக்கோஸை அடியிலும் தக்காளியை மேலேயும் மாற்றி அடுக்கி, எங்கள் புளோக்கில் யாரும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும் சமூக ஃபிரிட்ஜ் வரை கொண்டுவந்து இறக்கினீர்கள். "நானும் வொர்க் பர்மிட்ல வந்தவன்தான் தம்பி, அப்ப யாரோ போட்ட சோறு" என்றீர்கள். டீசல் காசும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை.

இந்தச் சனிக்கிழமையும் அங்கேதான் இருப்போம். ஒரு தே தாரிக் டீயாவது வாங்கித் தர விடுங்கள்.