சால்வை போதாது, கேட்டு எழுதுங்கள்

ஐயா,

டிசம்பர் 16 வெற்றி நாளில் முன்னாள் படைவீரர்களுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்தான் இல்லை. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருபது வயதில் களத்தில் நின்றவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்.

1971-ன் அதே டிசம்பர் 16-ல் மேற்கு முனையில் பசந்தர் ஆற்றை ஒட்டி நடந்த டாங்கிச் சண்டையில் பூனா ஹார்ஸ் படையின் செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் 21 வயதில் வீழ்ந்தார்; பரம்வீர் சக்ரா பெற்றார். 2001-ல் அவருடைய தந்தை, ஓய்வுபெற்ற பிரிகேடியர், தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் தம் வீட்டில் தங்கவைத்து உபசரித்த பாகிஸ்தான் படையின் பிரிகேடியர் நாசர், விடைபெறும் நேரம் நெருங்கிய பிறகே வாய் திறந்தார்: அருணின் டாங்கியைச் சுட்டவர் அவர்தான். பின்னர் அருணின் வீரத்தைப் போற்றிய குறிப்போடு படங்களும் அனுப்பினார். முப்பது ஆண்டுகள் நெஞ்சில் கிடந்த ஒரு பகல், சொன்னதால் அல்லவா இறங்கியது!

நம் ஊர் வீரர்களிடமும் அப்படிப்பட்ட பகல்கள் கிடக்கின்றன. கேட்கப் போகிறவர்கள் முதலில், படையிலிருந்து ஓய்வுபெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பாருங்கள். படை எண், யூனிட், தேதி எல்லாம் அதில் உண்டு. 1971 போர்ப் பதக்கங்களில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு. 1965, 1971 இரண்டிலும் இருந்தவருக்கு இரு போர்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது இந்தப் புத்தகம்தான் கைகொடுக்கும்.

பீரங்கிச் சத்தத்தில் பலருக்குக் காது போயிருக்கும். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்காருங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், இல்லையென்றால் பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பேரன் குறுக்கே எடுத்துக்கொடுத்தால் தாத்தா அதையே தலையாட்டி ஒப்புக்கொள்வார். பேரனைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள்.

“எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். செஞ்சூரியன் டாங்கிக்குள் நான்கு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். யார் எங்கே உட்கார்ந்தார், தேநீர் யார் போட்டார் என்று கேளுங்கள், நட்பு தானே வெளிவரும். பிறகு பிடிபட்ட எதிரிக்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அதற்கு வரும் மௌனத்தையும் வெட்டாமல் பதிவு செய்யுங்கள்.

தங்கள் மாவட்ட நிருபர்கள் இந்த டிசம்பருக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற படைவீரர்,
வேலூர் மாவட்டம்