பெயரில் எலி இல்லை

நீஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

நான்கு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் நலம். சின்ன அத்தையின் பார்சல் வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடு.

உன் மகள் எலி சமைக்கிற அந்த ‘ரத்தத்தூய்’ (Ratatouille) படம் பார்த்துவிட்டு, ‘ரத்தத்தூயில் எலி உண்டா?’ என்று கேட்டாளே, அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. இல்லையடி, அது இந்த ஊரில் காய்களை வதக்கிச் செய்கிற பண்டம். பெயரிலும் எலி இல்லை. பிரெஞ்சில் எலிக்கு ‘ரா’ என்று பெயர். ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். ‘தூயே’ என்றால் கிளறுவது. காப்பியில் சர்க்கரையைக் கலக்கவும் இங்கே அதே சொல்தான். அதை அழுத்திச் சொல்லிச் சொல்லிப் பிறந்த பெயர் இது. 18ஆம் நூற்றாண்டில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கிளறிய மட்டமான குழம்புக்குத்தான் இந்தப் பெயர். பட்டாளத்துக்காரர்கள் தங்கள் பீன்ஸ், உருளைக்கிழங்குக் குழம்பை ‘ரத்தா’ என்று சுருக்கித் திட்டியிருக்கிறார்கள். கத்திரிக்காய், தக்காளி, சுக்கினி (வெள்ளரி போன்ற ஒரு காய்), குடைமிளகாய் சேர்ந்த இந்த நீஸ் நகரத்துப் பண்டத்துக்கு அந்தப் பெயர் பின்னால்தான் ஒட்டிக்கொண்டது.

இன்னும் தோண்டினேன். ‘தூயே’யின் வேர் லத்தீனில் ஆலிவ் நசுக்கும் செக்கின் பெயர்! கத்திரிக்காயோ நம் பக்கத்திலிருந்து பாரசீகம், அரபு, ஸ்பெயின் பக்கத்துக் கத்தலான் மொழி என்று பெயர் மாறி மாறி ‘ஓபெர்ஜின்’ ஆகி, அந்த ஆலிவ் எண்ணெயிலேயே வந்து வதங்குகிறது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

ஆனால் எங்கள் அலுவலகக் கேன்டீனில் இதே பெயரில் ஊற்றுகிற கூழைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி, குழையக் குழையக் கிண்டிவிடுகிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டி அப்படிச் செய்ய விடவே மாட்டார். கத்திரிக்காயைத் தனியாக, ஓரம் பழுப்பேறும்வரை வதக்கி எடுத்து வைக்க வேண்டும். பிறகு சுக்கினி. பிறகு குடைமிளகாய். வெங்காயம், பூண்டு, தக்காளி சுண்டி எண்ணெய் பிரிந்த பிறகுதான் எல்லாம் சேரும். அப்போதும் கரண்டி கூடாது. வாணலியின் இரு காதையும் பிடித்து ஒரு குலுக்கு. கிளறல் என்றே பெயர் வைத்த பண்டத்தைக் கிளறாதே என்கிறார்!

செல்வி, அவருக்கு இப்போது கை நடுங்குகிறது. கத்தி பிடிக்க முடிவதில்லை. ஞாயிறுதோறும் நான் நறுக்குகிறேன், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே ‘இன்னும் வதங்கவில்லை’ என்கிறார். இன்று அந்தப் பழைய வாணலியை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். கழுவித் துடைத்து அடுப்பின் மேலேயே வைத்திருக்கிறேன்.

உன் மகளுக்கு முத்தம். ஆடி மாதம் வருகிறாய்தானே?

உன்,
வசந்தி