மூடுகல்லை உடைத்துவிட்டார்கள், செல்வம்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. பெரியக்கா மகளுக்குத் தையில் கல்யாணம்; இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை என்று சொன்னால் உன்னோடு பேச்சே கிடையாதாம். சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தாண்டிக்குடி போகிற வழியில் மழைக்கு ஒதுங்குவோமே, நாம் குள்ளர் குகை என்கிற அந்தக் கற்திட்டையின், அதாவது பழங்காலத்தார் செத்தவர்களுக்காகப் பலகைக்கல்லால் கட்டிய அறையின், மேலே கிடந்த மூடுகல்லை உடைத்துவிட்டார்கள். காப்பிக் களத்துக்குப் படிக்கல் வேண்டியிருந்ததாம். கேள்விப்பட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லின் ஓரத்தில் வரிசையாக உளிக்குழிகள். வெளிப்புறமெல்லாம் பாசி படிந்து கறுத்திருக்க, பிளந்த இடம் மட்டும் வெளிர் நீலமாக மினுங்குகிறது. பக்கத்துக் கல் இரண்டும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கின்றன.

தோட்டக்காரரிடம் கேட்டேன். "என் பட்டாவுல கெடக்குற கல்லுதானே தம்பி" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவரிடம் யாரும் எதையும் சொன்னதில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் தூக்கம் போனது.

யோசித்துப் பார். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. பலகைக்கல்லை நிறுத்தி, மேலே அவ்வளவு கனமான ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக மழையையும் காற்றையும் தாங்கி நின்றது. ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் இந்தப் பழநி மலைத்தொடரெல்லாம் ஏறி இறங்கிக் கற்திட்டைகளைப் பதிவு செய்தது 1928இல் புத்தகமாகவே வந்திருக்கிறது. பிறகு பேராசிரியர் கா. ராஜன் குழு தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தபோது ஈமக் குழிகளில் சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் மணிகள் கிடைத்தன. அந்த மணியை வாங்க நம் மலையிலிருந்து என்ன இறங்கியிருக்கும்? மிளகாக இருக்கலாம், தேனாக இருக்கலாம். இப்படிப்பட்ட ஊரை நாம் வெறும் பஸ் திரும்பும் இடம் என்று நினைத்து வளர்ந்திருக்கிறோமே!

நீ பழநி பஞ்சாமிர்தத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே "இதுல நம்ம ஊரு இருக்கு" என்பாய், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பஞ்சாமிர்தத்தில் சேர்கிற நம் மலை விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் எப்படி அழித்தது என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார். அசுவினிப் பூச்சி ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நோயைக் கொண்டுபோக, தோட்டம் தோட்டமாகக் காலியானது. ஆனால் வாழை திரும்பி வந்தது. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்று வந்தது, புவிசார் குறியீடு கிடைத்தது, இன்று காப்பிச் செடிகளுக்கு நடுவே மறுபடி குலை தள்ளுகிறது. உடைத்த மூடுகல்லுக்கு எந்த ஆய்வுக்கூடத்தில் கன்று வாங்குவது, செல்வம்?

அதனால் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறேன். பண்ணைக்காட்டைச் சுற்றி மிச்சம் இருக்கிற குகைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, அளந்து, எந்தத் தோட்டத்தில் இருக்கிறது என்று குறிக்கிறேன். பள்ளிக்கூடப் பையன்கள் நாலைந்து பேர் கூட வருகிறார்கள். எனக்குத் தெரியாத இரண்டு குகைகளை அவர்கள்தான் காட்டினார்கள். பட்டியல் முடிந்ததும் தோட்டக்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேசுவேன். அப்புறம் பேரூராட்சியிலும் தொல்லியல் துறையிலும் மனு கொடுப்பேன்.

உன்னால் ஆகவேண்டியது ஒன்று. கன்னிமாரா நூலகத்தில் அந்த 1928ஆம் வருஷத்துப் புத்தகம் இருக்கிறதா பார். இருந்தால் நம் பக்கத்து ஊர்கள் வருகிற பக்கங்களையாவது நகல் எடுத்து அனுப்பு. அன்றைக்கு இருந்தவற்றில் இன்றைக்கு எவை நிற்கின்றன என்று ஒப்பிட வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிடாதே, அதுவரைக்கும் பொறுக்காது.

அன்புடன்,
ராசு