ஆஃப்சைடு யாருக்குப் புரியாது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்தின் ஆஃப்சைடு விதியை (சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் நொடியில் எதிரணியின் தடுப்பைத் தாண்டிக் கோல் பக்கம் நிற்கக் கூடாது என்பது) மாற்றுவது பற்றிய கட்டுரை படித்தேன். அதில் போகிறபோக்கில் ஒரு வரி: 'சாமானிய ரசிகனுக்கு இன்றுவரை புரியாத விதி.' எழுதியவர் எந்த ஊர்ச் சாமானியனைக் கேட்டாரோ தெரியவில்லை. எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம் வந்திருந்தால் வலை பின்னிக்கொண்டே ஆட்டம் பார்க்கிற கிழவர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். என் வீட்டுக்காரிக்கு டிவி ரிமோட் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கோட்டோரம் நிற்கும் துணை நடுவரான லைன்ஸ்மேன் கொடி தூக்குமுன்பே 'ஆஃப்சைடு' என்று சத்தம் போட்டுவிடுவாள்.

2022 நவம்பர் 20, கத்தார் உலகக்கோப்பையின் முதல் ஆட்டம். ஈக்வடார் 3-வது நிமிடத்திலேயே போட்ட கோல் ரத்தானது. ஏன் என்று டிவிக்காரர்கள் விளக்குவதற்குள் எங்கள் டீக்கடையில் ஒரு பையன், "கீப்பர் முன்னால ஏறி வந்துட்டாருல்லா, பின்னால ஒருத்தன்தானே நிக்கான்" என்றான். உங்கள் கட்டுரையிலோ, கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாட்டக்காரரை வைத்துப் படம் போட்டிருந்தீர்கள். விதி அளவாக வைப்பது எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளை. அந்த இரண்டு பேரில் ஒருவர் கீப்பராகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. புரியாதது யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பைச் சொல்லி, 'ஃபிஃபா கொண்டுவரப்போகும் விதி' என்றும் எழுதியிருந்தீர்கள். யோசனை ஃபிஃபாவில் பொறுப்பில் இருக்கும் ஆர்சென் வெங்கருடையது, சரி. ஆனால் விதியை மாற்றுவது கால்பந்து விதிகளுக்கான சர்வதேச வாரியமான ஐஎஃப்ஏபி. அதன் 8 ஓட்டில் ஃபிஃபாவுக்கு 4, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தலா ஒன்று. 6 ஓட்டு விழாமல் ஒரு கமா கூட மாறாது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா என்ன.

நான் பங்குத் திருவிழாப் போட்டிகளில் 20 வருஷம் கொடி பிடித்தவன். அணிக்கு ஏழு பேர் ஆடும் எங்கள் செவன்ஸில் ஆஃப்சைடு பார்ப்பதில்லை, அதனால் பதினோரு பேர் ஆட்டத்தில்தான் எனக்கு வேலை. அந்த இரண்டாவது ஆளுக்கு இணையாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று 1990-இல் விதி மாறியது. எனக்குத் தெரியாது. அடுத்த வருஷ ஃபைனலில், இணையாக நின்று ஓடிப்போய்க் கோல் போட்ட ஒரு பையனுக்குக் கொடி தூக்கிவிட்டேன். செருப்பு பறந்து வந்தது, அது வழக்கம்தான். ஆட்டம் முடிந்தபின் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு கோச் தனியாகக் கூப்பிட்டு, "அது கோல்தான், விதி மாறிப்போச்சு" என்றார். பையன் அப்புறம் கடல்தொழிலுக்குப் போய்விட்டான். இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டே ஒரு கையைத் தூக்கிக் காட்டுவான். விதி மாறிய அந்த வருஷம் முழுக்க உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கினேன். கிரிக்கெட்டுக்குப் பக்கம் பக்கமாக இடமிருந்தது. விதி மாறியதைப் பற்றி ஒரு வரி என் கண்ணில் படவில்லை.

எங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரைக்கும் போய் ஆடினார். அப்படிப்பட்ட கடற்கரைப் பையன்கள் ஒருமுறை ஜெயித்து வந்தபோது 'கேரள வீரர்கள்' என்று போட்டீர்கள். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோதுதான் எங்கள் ஊர்ப் பெயர்கள் முதல் பக்கம் ஏறின, அதுவும் எழுத்துப் பிழையோடு. இரண்டுக்கும் திருத்தம் கேட்டு எழுதினேன். கடிதம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

விதிக்கு வருகிறேன். தாக்குபவரின் உடம்பில் கோல் போடத் தகுந்த ஏதாவது ஒரு பகுதி தடுப்பவருக்கு இணையாக இருந்தாலே போதும், இரண்டு பேருக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால்தான் ஆஃப்சைடு என்கிறார் வெங்கர். வெறுங்கண்ணால் பார்க்கிற என் போன்றவனுக்கு இது சௌகரியம்தான். அந்த ஓட்டத்தில் கால்விரல் தெரியாது, இடைவெளி தெரியும். கேமரா வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? இன்றைக்கு முன்னங்காலின் விரலை அளக்கிறார்கள், நாளைக்குப் பின்னங்காலின் குதிகாலை அளப்பார்கள். மில்லிமீட்டர் சண்டை அப்படியேதான் இருக்கும். 'கோல் மழை பொழியும்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கோலுக்கும் தாக்குபவருக்கும் நடுவில் எதிரணியில் மூன்று ஆள் வேண்டும் என்பதை 1925-இல் இரண்டாகக் குறைத்தபோது இங்கிலாந்து லீக்கில் ஒரு சீசனில் 4,700 ஆக இருந்த கோல் 6,373 ஆனது உண்மை. அப்புறம் நடுவில் ஆடுகிறவரைத் தடுப்புக்கு இறக்கி அதையும் சமாளித்துவிட்டார்கள். இப்போதும் இறங்கி நிற்பார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. ஆஃப்சைடைச் சொல்லும் 11-வது விதியைத் தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். மாறினால், மாறிய வாரமே போடுங்கள். கத்தரித்து எங்கள் கிளப் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம். படம் வரைகிறவரிடம் கீப்பரைக் கோலை விட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வரையச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய லைன்ஸ்மேன்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.