கேப்டனுக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள கேப்டன்,

தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. போன மாதம் கோலாலம்பூர் செந்தூலுக்குத் திருமணத்துக்கு வந்தும் உன் வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பிவிட்டேன். வசவுகளைச் சேர்த்து வை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நீ வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம்.

எழுத வைத்தது கணினியில் ஓட்டும் நம் சிறு விமானம், செஸ்னா 172. சிமுலேட்டரில், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் திரும்பி விமானத்தைச் சாய்க்கும் ஏலிரான் தூங்கி வழிகிறது என்று நீ சொன்னபோது, உன் கணினியைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேன் அல்லவா? தவறு என்னுடையது. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், எஞ்சிய தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நகரும்படி எழுதியிருந்தேன். என்னிடம் நொடிக்கு 60 பிரேம் ஓடுகிறது, உன்னிடம் 20; ஆகவே அதே ஏலிரான் உன் வீட்டில் மூன்று மடங்கு சோம்பேறியாகிவிட்டது. இப்போது கடந்த நேரத்தைக் கொண்டு கணக்கிடுகிறேன்.

அந்தத் திருமணப் பயணத்தில் இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தரையிறங்கும்வரை ஏலிரான் ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை. ஆனால் நம்முடையதைப்போல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவவும் இல்லை. அதைப் பார்த்த பிறகு உன் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கப் பொறுமை எங்கே இருந்தது! மேசைமேல் இருக்கும் ஜாய்ஸ்டிக்கைச் சுண்டுவிரலால் கடைசிவரை தள்ளிவிடலாம். செஸ்னாவிலோ விமானியின் கைப்பிடியை ஏலிரானோடு இணைக்கும் கம்பிவடத்தின் மறுமுனையில் காற்று எதிர்த்து அழுத்துகிறது. வேகம் இரட்டித்தால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே வேகம் கூடக்கூட, அதே தள்ளலுக்கு ஏலிரான் குறைவாகவே திரும்பும்படி மாற்றினேன். போதாக்குறைக்கு, மேலும் கீழும் 20 பாகை என்று போட்டுவைத்திருந்தேன். மேலே 20, கீழே 15 என்பதே சரி. கீழிறங்கும் ஏலிரான் அந்தப் பக்கத்து இழுவையைக் கூட்டி, விமானம் திரும்ப வேண்டிய திசைக்கு எதிராக மூக்கை இழுப்பதால்தான் அந்தக் கஞ்சத்தனம்.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. நிறுத்திவைத்த செஸ்னாவின் வாலில், மூக்கை ஏற்றி இறக்க உதவும் எலிவேட்டர் தன் எடையால் கீழே தொங்கும் என்று போர்மேன் எத்தனை முறை சொல்லியிருப்பார்! "சும்மா நிற்கிற விமானம் விறைத்துக்கொண்டு நிற்காது, தம்பி" என்பார். நாம் சிரித்தோம். அவர் போய் இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, நேற்று இரவுதான் அதைச் செய்து முடித்தேன்.

திருத்திய கணினிக் கோப்பு ஒன்றை அனுப்பியிருக்கிறேன். இஞ்சினைக் கிளப்பாமல், முதலில் வெளியே நின்று வாலைப் பார்.

உன்,
இணை விமானி